மீன்சந்தை ஸ்டேஜ்

சங்கரபாண்டியன் சார் பக்கத்தைத் திருப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். விண்ணரசிக்கு இது ஒன்றும் புதிதில்லை, அவரிடம் ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான். ஆனால் இன்றைக்கு அந்த விரல் போய்த் தொடுவது அவளுடைய மூன்றாம் இயலை. அடித்து, அழித்து, மறுபடி அடித்து, பிரின்ட் எடுக்கப் போன இடத்தில் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்து, கடைக்காரனோடு மல்லுக்கு நின்று வாங்கிக்கொண்டு வந்த இயல். மனுஷன் படிக்கிறாரா, வெற்றிலை எண்ணுகிறாரா. மாணவர்களுக்கென்று போட்டிருக்கிற இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அசைந்தால் டொக்கென்று சத்தம் வரும், சத்தம் வந்தால் நிமிர்ந்து பார்ப்பார், பார்த்தால் எதையாவது கேட்பார், கேட்டால் அவள் பதில் சொல்வாள், பதில் சொன்னால் அன்றைய பொழுது அதோடு போச்சு. அதனால் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்தது மாதிரி உட்கார்ந்திருந்தாள், அந்த உவமை தனக்கே வந்து தொலைத்ததற்காக இன்னும் எரிச்சல்பட்டாள். வெளியே வேலிக்கருவைக்குள்ளிருந்து மயில் அகவியது. இந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைவிட மயில் அதிகம், அவற்றுக்கு வழிகாட்டி கிடையாது, தலைப்பு கிடையாது, நாளைக்கு ஆய்வுக் குழு கிடையாது. அவளுக்கு உண்டு. நாளைக் காலையில் குழு கூடுகிறது. அதற்குள் இவர் இந்த இயலை ஒத்துக்கொண்டு முகப்புத் தாளில் கையெழுத்துப் போட்டால் தலைப்பு அவளுடையது. போடாவிட்டால் இவர் ஆரம்பத்திலிருந்து அவள் தலையில் கட்டப் பார்க்கிற தலைப்பு. 'பள்ளி மாணவர்களின் படிப்பில் வீடியோ கேம்களின் தாக்கம்: திருநெல்வேலி மாவட்டத்தை முன்வைத்து.' முன்வைத்து. எதை முன்வைத்து, யார் முன்னால், எதற்காக வைத்து. மாவட்டத்தின் பெயரை மாத்திரம் மாற்றி மாற்றி, தமிழ்நாட்டில் மாவட்டம் பிரிக்கப் பிரிக்க முனைவர்களும் பிறந்துகொண்டே இருக்கிறார்கள். கூட ஆராய்ச்சி செய்கிற இசக்கியம்மாள் அப்படித்தான் தென்காசியை முன்வைத்துக்கொண்டு சீரியல் பார்க்கிற பெண்களிடம் கேள்வித்தாள் கொடுத்துவிட்டு அலைகிறாள். மிகவும் ஒத்துக்கொள்கிறேன், ஒத்துக்கொள்கிறேன், சொல்வதற்கில்லை. எல்லாப் பொம்பளையும் 'சொல்வதற்கில்லை'யிலேயே டிக் அடித்துத் தந்திருக்கிறார்கள், ஒருத்தி மாத்திரம் தாளின் பின்பக்கத்தில் மருமகளைப் பற்றி எழுதித் தந்தாளாம். அதைத்தான் பிள்ள நீ ஆய்வு செய்யணும் என்று விண்ணரசி சொன்னபோது இசக்கி, "எனக்கு பிஎச்.டி. வேணும் பிள்ள, சண்டை வேணாம்" என்றாள்.

சண்டை வேண்டும் என்று யார் சொன்னது. அவளாக ஒருநாளும் தொடங்கியதில்லை. அவர்தான் முதல் நாளே மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "சண்டை போடுத கேம்ல பின்னாடி இருக்க படத்தைப் பத்தி ஒரு பிஎச்.டி.யாம்மா?" என்றார். படம் இல்ல சார், இடம், என்றாள். "சரி, இடம். அந்த இடத்தால சமுதாயத்துக்கு என்ன பயன்?" நெய்தல் பாட்டுல புன்னை மரம் எங்கெங்க வருதுன்னு எண்ணி ஒருத்தர் இதே பல்கலைக்கழகத்துல டாக்டர் பட்டம் வாங்கியிருக்கார் சார், அந்த மரத்தால சமுதாயத்துக்கு என்ன பயன்? அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அது நான் வாங்கினதும்மா" என்றார். தமிழில் முடித்துவிட்டு இதழியல் துறைக்கு வந்தவர் என்று அவளுக்கு எப்படித் தெரியும், அறைக் கதவில் டாக்டர் என்றுதானே போட்டிருக்கிறது, புன்னை என்றா போட்டிருக்கிறது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்காமல், அப்படின்னா உங்களுக்குத்தான் சார் இது முதல்ல புரியணும், ஒரு இடம் எப்படி ஒரு பாட்டுலேருந்து இன்னொரு பாட்டுக்குப் போகுதுன்னு நீங்க பார்த்தீங்க, ஒரு கேம்லேருந்து இன்னொரு கேமுக்கு எப்படிப் போகுதுன்னு நான் பார்க்கேன், என்றாள். அது அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது. வாயில் வந்ததுதான் பிறகு முதல் இயலாயிற்று. சண்டை கேமில் வருகிற எந்த ஸ்டேஜும் சண்டைக்காகப் பிறந்ததில்லை. எந்த ஸ்டேஜும், இதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறாள். அதற்கு முன்னால் வேறொரு கேமில் எவனோ ஒருத்தன் நடந்தோ ஓடியோ தாவியோ கடந்துபோன இடம் அது. ஆள் போய்க்கொண்டிருந்த தெருவின் இரண்டு முனையையும் அடைத்து, இரண்டு பேரை உள்ளே விட்டு, இனி அடித்துக்கொள்ளுங்கள் என்றால் அதுதான் ஸ்டேஜ். பல கேம்களின் நாயகர்கள் ஒன்றாகக் கூடி அடித்துக்கொள்கிற கேம்களில் ஒவ்வொருத்தனும் தன் ஊரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வருவான், அது உலகத்துக்கே தெரியும், அது முதல் இயல். ஒரே கம்பெனி தன்னுடைய பழைய கேமின் கோட்டையையும் பாலத்தையும் தூசி தட்டிப் புதுச் சண்டைக்குப் பின்னால் நிறுத்துவது இரண்டாம் இயல். இரண்டும் மற்றவர்கள் தின்று மிச்சம் வைத்தது. யாரும் சொல்லாதது, யாரும் பார்க்காதது, அவள் மட்டும் பார்த்தது மூன்றாம் இயல். மீன்சந்தை.

விரல் நாக்குக்குப் போனது. பக்கம் திரும்பியது. எந்தப் பக்கம் என்று இங்கிருந்து தெரியவில்லை, ஆனால் ஓரத்தில் சின்னதாக ஒரு பத்தி தெரிந்தது, அப்படியானால் அது ஜெர்சன் அண்ணன் கடையைப் பற்றிய அடிக்குறிப்பாகத்தான் இருக்கும், அதை வெட்டச் சொல்வார், 'ஆய்வாளரின் சொந்த அனுபவம் தரவாகாது' என்று பக்கவாட்டில் எழுதுவார், எழுதட்டும், அதற்குப் பதில் தயாராக இருக்கிறது. தரவு வேறு என்னவாம். தூத்துக்குடியில் ஹார்பரிலிருந்து வருகிற வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடைக்குப் பின்கட்டில் இரண்டு டிவி, இரண்டு மெஷின், ஸ்டூல் நான்கு. பையன்கள்தான் வருவார்கள், அங்கே பொம்பளப் பிள்ளைகளுக்கு இடமில்லை, யாரும் போர்டு எழுதி மாட்டவில்லை, ஆனால் இடமில்லை. கூடப்பிறந்த ஆன்றோதான் கூட்டிக்கொண்டு போவான், அவளைவிட மூத்தவன், அண்ணன் என்று கூப்பிட்டால் திட்டுவான். "எந் தங்கச்சி, சும்மா உக்காந்திருப்பா" என்று ஜெர்சன் அண்ணனிடம் சொல்லிவிட்டு அவள் கையில் இரண்டாவது கன்ட்ரோலைத் தருவான். நீ அந்தப் பறவையை ஆடு விண்ணி, என்பான். திரையில் மேலே ஒரு கடல்காகம் பறந்துகொண்டிருக்கும். அவளும் பட்டனை அழுத்தி அழுத்தி அந்தக் காகத்தை வெகு கவனமாகப் பறக்கவிட்டிருக்கிறாள், எத்தனை சாயங்காலம், ஒருதரம்கூடத் தரையில் மோதவிடாமல். வயர் மெஷினில் சொருகியிருக்கவில்லை என்று தெரிந்த அன்றைக்கு அவன் கையைக் கடித்து வைத்தாள். இப்போதும் அந்தத் தழும்பைக் காட்டித்தான் வேலை பார்க்கிற கப்பலில் புதிதாக வருகிறவர்களிடம் பேச்சை ஆரம்பிப்பானாம், சுறா கடித்தது என்று. எந்தக் கடலில் இருக்கிறானோ. சிக்னல் கிடைத்தால் 'சாப்ட்டியா' என்று ஒரு வார்த்தை வரும், இவள் பத்தி பத்தியாகப் பதில் அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நிற்கும். அவனுக்கு இயலை அனுப்பியிருந்தாள். அதுவும் ஒற்றை டிக். ஆனால் கையில் கன்ட்ரோல் இல்லாததால்தான் அவள் பின்னால் பார்த்தாள், அதை யாரும் மறுக்க முடியாது. ஆடுகிறவன் நாயகனைத்தான் பார்ப்பான். அவன் முதுகில் சாக்கு மூட்டை, அவன் ஓடுவான், நாய் துரத்தும், தாவுவான், அந்தக் கேமுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயரோ, கடையில் எல்லோருக்கும் அது மூட்டைக்காரன். அவள் பார்த்தது மூட்டைக்காரனுக்குப் பின்னால். ஐஸ் பெட்டிகள், தொங்குகிற தராசு, வாலை ஆட்டுகிற ஒரு பெரிய மீன், வரிசையாக நிற்கிற சந்தைக்காரர்கள். நம்மூர்ச் சந்தை மாதிரியே என்று இல்லை, நம்மூர்ச் சந்தையைவிட நம்மூர்ச் சந்தையாக இருந்தது, ஏனென்றால் அங்கே யாரும் 'ஏ பிள்ள, வழியை விடு' என்று சொல்லவில்லை. இரண்டு கிறிஸ்துமஸ் கழித்து ஜெர்சன் அண்ணன் புதுக் கேசட் ஒன்றைச் சொருகினார், இரண்டு தடியர்கள் அடித்துக்கொள்கிற கேம், ஸ்டேஜ் மாறி மாறி வந்தது, கோயில், ரயிலடி, பிறகு சட்டென்று அதே ஐஸ் பெட்டி, அதே தராசு, அதே மீன். "மூட்டைக்காரன் தெரு" என்று அவள் கத்தினாள். கடையில் ஒருத்தன்கூடத் திரும்பவில்லை. ஆன்றோ மாத்திரம் ஆட்டத்தைக் கோட்டைவிட்டுவிட்டுத் திரையைப் பார்த்தான். "ஆமா பிள்ள" என்றான். அந்த 'ஆமா பிள்ள'யில் ஆரம்பித்ததுதான் எல்லாம், இதைப் போய் சொந்த அனுபவம் என்று வெட்டச் சொன்னால்.

போன் அடித்தது. சார் எடுத்தார். "மோட்டாரை நிப்பாட்டினியா? ... நான் எப்படி இங்கேருந்து நிப்பாட்ட? ... கீழ்வீட்டுக்காரன் கத்தத்தான் செய்வான், அவன் வாசல்லதான தண்ணி விழுது ... செருப்பைப் போட்டுட்டு சுவிட்சைத் தொடு." பேசிக்கொண்டே இயலை மேசையில் மல்லாத்திப் போட்டார், படம் இருக்கிற பக்கம் விரிந்து கிடந்தது. அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. மேலே மூட்டைக்காரன் சந்தை, கீழே சண்டைச் சந்தை, ஒப்பிடுவதற்காக ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வைத்த படங்கள். இந்த இரண்டையும் அவள் எத்தனை நாள் உற்றுப் பார்த்திருப்பாள், பெட்டி பெட்டியாக எண்ணி, தராசின் தட்டு எத்தனை புள்ளி அகலம் என்றெல்லாம் எழுதி. தலைகீழாகப் பார்த்ததில்லை. தலைகீழாக மீன் மீனாக இல்லை, பெட்டி பெட்டியாக இல்லை, முகங்கள் மட்டும் முகங்களாக இருந்தன. வரிசையாகச் சந்தைக்காரர்கள். இடப்பக்கம் நிற்கிறவர்கள் வலப்பக்கம் பார்க்கிறார்கள், வலப்பக்கம் நிற்கிறவர்கள் இடப்பக்கம் பார்க்கிறார்கள், ஒருத்தன் கையை மடக்கி உயர்த்தியிருக்கிறான், ஒருத்தி வாயில் விரல் வைத்துச் சீட்டியடிக்கிறாள். எல்லோரும் நடுவைப் பார்க்கிறார்கள். நடுவில் ஒன்றுமில்லை. மூட்டைக்காரன் அந்தப் படத்தில் இடது ஓரத்தில் இருக்கிறான், அவன் எப்போதுமே இடது ஓரத்தில்தான் இருப்பான், அவனை ஒருத்தரும் பார்க்கவில்லை. தெரியும், இது அவளுக்குத் தெரியும், இதை எழுதியே இருக்கிறாள், அந்த இயலின் உயிரே அந்த இடம்தான்: 'முந்தைய ஆட்டத்தில் வெறுமையை நோக்கியிருந்த கூட்டத்தின் பார்வை, சண்டை ஆட்டத்தில் தன் பொருளை அடைந்தது.' எழுதி முடித்த அன்று எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி படித்த வாக்கியம். தன் பொருளை அடைந்தது. எவனாவது வெறுமையைப் பார்க்கிற கூட்டத்தை வரைவானா. ஒரு மனுஷன் உட்கார்ந்து, புள்ளி புள்ளியாக, கையை உயர்த்தி, சீட்டியடித்து, கழுத்தைத் திருப்பி, நடுவில் ஒன்றுமே இல்லாத ஒரு இடத்தைப் பார்த்துக் கத்துகிற பத்துப் பேரை ஓடிப்பிடிக்கிற கேமுக்கு வரைவானா. சண்டையை வேடிக்கை பார்க்கத்தான் வரைந்திருக்கிறான். சண்டைதான் முதலில். சண்டைக்காரர்களை எடுத்துவிட்டு, தெருவைத் திருடி, மூட்டைக்காரனை உள்ளே ஓடவிட்டிருக்கிறான் எவனோ ஒருத்தன்.

இல்லை. அப்படி இல்லை. வருஷம் இருக்கிறது. மூட்டைக்காரன் கேம் தொடங்கும்போது வருகிற முகப்பில் வருஷம் போட்டிருக்கிறது, சண்டை கேமைவிட முந்தின வருஷம், அடிக்குறிப்பில் கொடுத்திருக்கிறாள், தரவு கேட்டார்களே, இதோ தரவு. சட்டென்று ஆசுவாசமாக இருந்தது, நாற்காலிகூட அசைந்து டொக்கென்றது, சார் போனிலிருந்தபடியே கையைக் காட்டி இரு என்றார். இருக்கிறேன். வருஷம் இருக்கிறது. முகப்பில் அந்த மலை, மலைமேல் பனி, பனிக்குக் கீழே வருஷம். பனி. அந்தப் பனிக்காக ஆன்றோவும் அவளும் எவ்வளவு காத்திருந்தார்கள். கடைசி ஸ்டேஜில் வரும் விண்ணி, என்பான். சந்தை வந்தது, குடோன் வந்தது, கூரை வந்தது, மறுபடி அதே சந்தை வேறு நிறத்தில் வந்தது, கடைசியில் ஒரு கப்பல் வந்து 'முடிந்தது' என்று ஆங்கிலத்தில் எழுத்துப்பிழையோடு வந்தது. பனி வரவில்லை. மெஷின் சூடாயிட்டு, அதான் பனி வரல என்றான், அவளும் நம்பினாள், நம்பாமல் என்ன செய்வது, மெஷின் உண்மையிலேயே சூடாகத்தான் இருந்தது. பனி அந்தக் கேமில் கிடையவே கிடையாது. அது வேறு எதனுடைய முகப்போ. எவனோ பழைய கேம் ஒன்றின் முகப்பை வெட்டி, பெயரை மாற்றி, இந்தக் கேமுக்கு நெற்றியில் ஒட்டியிருக்கிறான். வருஷத்தை மாற்ற மறந்துவிட்டான், அல்லது அவனுக்கு அது எதற்கு, யாராவது ஒருத்தி இதை ஆராய்ச்சி செய்யப் போகிறாள் என்று கனவா கண்டான். திருட்டுக் கேசட். ஜெர்சன் அண்ணன் கடையில் திருட்டு இல்லாத கேசட் எது இருந்தது. அப்படியானால் மூட்டைக்காரன் முதலில் வந்தது உலகத்துக்கு அல்ல. தூத்துக்குடிக்கு. எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் முதலில் இறங்கியதோ, ஜெர்சன் அண்ணன் எதை முதலில் சொருகினாரோ, அதை அவள் வரலாறு என்று எழுதிவைத்திருக்கிறாள். எரிச்சல் உச்சந்தலை வரைக்கும் ஏறியது, யார்மேல் என்று தெரியாமல் ஏறியது. ஜெர்சன் அண்ணன்மேல், ஆன்றோமேல், ஆமா பிள்ள என்று ஏன் சொன்னான், ஒரு வார்த்தை 'போடி' என்றிருந்தால் இன்றைக்கு அவள் ஒழுங்காக பி.எட். படித்திருப்பாள். எந்த ஸ்டேஜும் சண்டைக்காகப் பிறந்ததில்லை. தடித்த எழுத்தில். இதோ ஒன்று பிறந்திருக்கிறது, அவளே ஊர்கூட்டிக் காட்டியிருக்கிறாள், படத்தோடு. இப்போது என்ன. ஒன்றும் இல்லை. சும்மா இருந்தால் ஒன்றும் இல்லை. இவர் எப்படியும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை, சமுதாயம் என்பார், தரவு என்பார், வெட்டு என்பார், அவரே வெட்டிவிட்டால் அவள் தப்பு அவருடைய தப்பாகிவிடும், காலம் முழுக்க அவரைத் திட்டிக்கொண்டு இருக்கலாம். வெட்டுங்க சார். தயவுசெய்து இன்றைக்கும் மடத்தனமாக எதையாவது சொல்லுங்க.

போனை வைத்தார். விரல் நாக்குக்குப் போனது. கடைசிப் பக்கத்தைப் படித்தார், திரும்பப் படத்துக்கு வந்தார், சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு வரிக்குக் கீழே கோடு இழுத்தார், நேர்கோடாக, நிதானமாக. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லாருக்கும்மா" என்றார்.

அவள் நாற்காலி டொக்கென்றது.

"நெசமாத்தான் சொல்லுதேன். நானும் இவ்வளவு நாளா இது விளையாட்டுப் பிள்ளத்தனம்னு நெனச்சேன். இந்த வரி இருக்கு பாரு, பார்வை தன் பொருளை அடைந்ததுன்னு, இதுக்காகவே கையெழுத்துப் போடலாம். புன்னை மரத்துல நான் இப்படி ஒண்ணு எழுதலை." முகப்புத் தாளைத் தேடி எடுத்தார். "சமுதாயப் பயன்னு கேட்டா நான் சொல்லிக்கிடுதேன். நீ நாளைக்குப் பேசாம உக்காந்திரு, அது போதும்."

இவ்வளவு நாளும் எங்கே போயிருந்தது இவருடைய இந்த வாய். போன மாதம் சொல்லியிருக்கக் கூடாதா. நேற்றுச் சொல்லியிருக்கக் கூடாதா. பேனா தாளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"சார், அது தப்பு."

"எது?"

"அந்த வரி. அந்த இயல். மூணாவது இயல் மொத்தமும்."

அவர் பேனாவைப் பார்த்தார், அது ஏதோ செய்துவிட்டது போல. அவள் சொன்னாள். கூட்டத்தைக் காட்டினாள், நடுவைக் காட்டினாள், தாளைத் தலைகீழாகத் திருப்பி அவர் முன்னால் வைத்துக் காட்டினாள், பனியைச் சொன்னாள், பனி வராததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே இன்னும் தெளிவாகிக்கொண்டு வந்தது, அதுதான் கொடுமை, இந்த இயலுக்கு ஆதரவாகக்கூட இவ்வளவு நன்றாக அவள் ஒருநாளும் பேசியதில்லை.

"முகப்புல வருஷம் போட்டிருக்கே" என்றார் சார்.

"அது வேற கேமோட முகப்பு சார்."

"அத நீ நிரூபிக்க முடியுமா?"

"இப்ப முடியாது, ஆனா..."

"அப்ப தப்புன்னும் உன்னால சொல்ல முடியாது. மறுக்கிறவங்கதாம்மா ஆதாரம் காட்டணும்."

இது அவளுடைய வாதம். வார்த்தைக்கு வார்த்தை அவளுடையது, ஆவணியில் இதே மேசைக்கு இந்தப் பக்கமிருந்து அவள் சொன்னது. கற்றுக்கொண்டிருக்கிறார் பாவி மனுஷன்.

"சார், வரைஞ்சவன் கூட்டத்தை எதுக்கு வரைஞ்சான்? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"அழகுக்கு."

"அழகுக்கு எல்லாரும் ஒரே இடத்தைப் பாத்துக் கழுத்தைத் திருப்புவாங்களா?"

"ஏன், கோயில் திருவிழா போட்டோ பாத்ததில்லையா? சாமி வராது, எல்லாரும் பாத்துக்கிட்டு நிப்பான்."

நல்ல பதில். உண்மையிலேயே நல்ல பதில், இதை வைத்துக்கொண்டு இயலைக் காப்பாற்றிவிடலாம், 'எதிர்பார்ப்பின் பார்வை' என்று ஒரு உள்தலைப்புப் போட்டால் போதும், குழு தலையாட்டும், தலைப்பு நிற்கும், கேள்வித்தாள் வேண்டாம், மாவட்டம் வேண்டாம். வாய் அந்த வாக்கியத்தை அதுவாகவே கோர்த்துப் பார்த்தது. கோர்த்தது. அழகாகவும் இருந்தது. எவ்வளவு சுலபமாக வருகிறது. இதுவரை சொன்னதில் இப்படி வந்தது எத்தனை, தெரிந்து சொன்னது எத்தனை என்று ஒரு பயம் வந்தது. முதல் இயல்கூட வாயில் வந்ததுதானே.

"சாமி வராட்டியும் சாமி வர்ற பாதைன்னு ஒண்ணு இருக்கும் சார்" என்றாள். "அவங்க பாதையைப் பாக்கல. ரெண்டு ஆளு நிக்கிற இடத்தைப் பாக்காங்க. நானே அளந்து எழுதியிருக்கேன், அட்டவணைல இருக்கு."

சார் அட்டவணையைப் பார்க்கவில்லை. "விண்ணரசி. குழுவுல இருக்கவங்க சீட்டுக்கட்டைத் தவிர எதையும் தொட்டவங்க இல்ல. யாரு கண்டுபிடிக்கப் போறா?"

"நான் கண்டுபிடிச்சுட்டேனே சார்."

வேலிக்கருவைக்குள் மயில் மறுபடி அகவியது. அவர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குப் பழக்கம், அது இல்லை, ஏதோ கொடுக்க வந்து கையைத் தட்டிவிட்டது மாதிரி இருந்தது. "நான் தப்புன்னு சொன்னப்பெல்லாம் சரின்னு சண்டை போட்ட. இப்ப சரிங்கேன், தப்புன்னு சண்டை போடுத. உனக்கு என்னதாம்மா வேணும்?"

இதற்கு எத்தனையோ பதில் உண்டு. அவள் கையை நீட்டினாள். அவர் இயலின் ஒரு முனையைப் பிடித்திருந்தார், அவள் மறுமுனையைப் பிடித்தாள், ஒரு கணம் இரண்டு பேரும் விடவில்லை. பிறகு அவர் விட்டார்.

"நாளைக்கு வா. நீயே பேசிக்க. நான் உனக்காவும் பேச மாட்டேன், உனக்கு எதிராவும் பேச மாட்டேன். அவங்க அந்த மாவட்டத் தலைப்பைக் குடுத்தா வாங்கிக்கிட்டு, வாயை மூடிக்கிட்டுச் செய்யணும்."

"செய்யுதேன் சார். வாயை மூடிக்கிட்டுன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவர் டிபன்பாக்ஸைத் திறந்தார், போகலாம் என்று அர்த்தம். புளிசாதம்.

வராந்தாவில் இசக்கியம்மாள் கேள்வித்தாள் கட்டுகளுக்கு நடுவில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். "போட்டாரா?" என்றாள் நிமிராமலே.

"போட வந்தாரு. நாந்தான் விடல."

இசக்கி நிமிர்ந்தாள். விண்ணரசி பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னாள், இந்தத் தடவை சுருக்கமாக. இசக்கி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு வந்தாள், கூட்டத்துக்கு, பனிக்கு, திருவிழாவுக்கு. முடிவில், "உனக்குக் கிறுக்குத்தான் பிள்ள" என்றாள். "நாளைக்கு உன்னை மென்னு துப்பப் போறாவ. அடுத்த வருஷம் நீயும் நானும் சேர்ந்து பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா டிக் அடிக்கச் சொல்லிட்டுத் திரிய வேண்டியதுதான்."

"திரியலாம்."

"ஒத்துக்கிட்டியா?"

"ஒத்துக்கல. திரியலாம்னேன்."

இசக்கி சிரித்தாள். ஒரு கட்டை எடுத்து ரப்பர் பேண்ட் போட்டாள், அது அறுந்தது, இன்னொன்று தேடினாள். அவள் பாட்டுக்குத் தேடிக்கொண்டே, "சரி பிள்ள, அவன் திருடன்னே வச்சுக்கிடுவோம்" என்றாள். "சண்டைக்காரன் ரெண்டு பேரையும் அழிக்கத் தெரிஞ்சவனுக்கு, அந்தக் கூட்டத்தை அழிக்க எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? அவங்களை எதுக்கு விட்டுவச்சான்?"

விண்ணரசி வாயைத் திறந்தாள். வழக்கமாகத் திறந்தால் போதும், பாக்கியை வாய் பார்த்துக்கொள்ளும். இப்போதும் ஏதேதோ வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது, சோம்பேறித்தனம் என்று ஒன்று, அவனுக்கும் தெருவில் ஆள் வேண்டுமே என்று ஒன்று, இன்னும் அழகாக ஒன்று. ஒவ்வொன்றையும் பார்த்தாள். எதுவும் அவளுக்குத் தெரிந்தது இல்லை.

"தெரியல" என்றாள்.

இசக்கி ரப்பர் பேண்ட் தேடுவதை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள். "என்னது?"

"தெரியல பிள்ள."